இடக்கையால் தின்ற மொரான்

நாம் குடியேறிய வெளிநாட்டு ஊரான வென்ட்வேர்த்வில்லில், ஸ்டேஷனுக்குப் பக்கத்து மண்டபத்தில் நிஸ்தார் அங்கிள் நடத்தும் சனிக்கிழமை வகுப்பை முதல்முறை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். நம் பையன்கள் எல்லாரும் சிவப்புப் போர்வையைத் தோளில் முடிந்துகொண்டு, குதிக்கால் நிலத்தில் படாமல் நெட்டுக்குத்தாகத் துள்ளிக்கொண்டிருப்பார்கள். "இது மதரஸாவா, சர்க்கஸா?" என்று கேட்ட வாப்பாமாரும் உண்டு. ஆனால் வேறெந்த வகுப்புக்கும் பிள்ளைகள் இப்படி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியதில்லையே! அதனால் வாயை மூடிக்கொண்டார்கள்.

நிஸ்தார் கென்யாவில் குழாய்க்கிணறு தோண்டும் கம்பெனியில் வருடக்கணக்கில் இருந்தவர். அங்கே மசாய் மக்களோடு பழகியவர். சிவப்புப் போர்வையும் துள்ளலும் அவர்களுடையவைதான். மசாய்களின் இளம் வீரனுக்கு மொரான் என்று பெயர்.

"மாடுகள இறைவன் தங்கட கையில தந்திரிக்கான் எண்டு நம்புறாங்க. எங்கட பாஷையில அமானிதம், பத்திரமாப் பாக்கச் சொல்லித் தந்த பொருள். சிங்கம் வந்தா மொரானுக்கும் பயம்தான். ஆனா பட்டிய விட்டுட்டு ஓட மாட்டான்" என்று அவர் சொல்லும்போது மண்டபம் மூச்சுவிடாது.

இன்னும் இரண்டு விதிகள் சொல்வார். மொரான் வலிக்கு முகம் சுழிக்க மாட்டான். மொரான் தனியாகச் சாப்பிட மாட்டான். இந்த இரண்டாவதில் அவருக்குத் தனிக் கொண்டாட்டம். ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடும் நம் சஹன் இருக்கிறதே, அதேதான் இது என்பார். வகுப்பு முடிவில் சஹன் கட்டாயம் உண்டு.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவர் மனைவி மிஸ்னா மௌத்தானாள். மையவாடியில் அவளை அடக்கி மூன்று பிடி மண் போட்டுவிட்டு நிஸ்தார் நிமிர்ந்து நின்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "என்னா சபூர், என்னா பொறுமை!" என்று ஊரே மெச்சியது. சபூரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல நெஞ்சு மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான். மனுசன் குசினி அடுப்படியில் நின்றபடியே பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார், தனியாக. தூரத்துக் கிளேட்டனில் இருக்கும் மகள் ஹிபா போன் எடுத்துக் கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இரிக்கன் மகள்" என்பார். யார் கேட்டாலும் அதே பதில். வகுப்பை மட்டும் விடவில்லை. வாய் தானாகப் பேசியது.

ஒரு சனிக்கிழமை துள்ளும்போது அஸ்ஹான் தடுக்கி விழுந்தான். மிஸ்னாவின் அடுத்த வீட்டுச் செல்லப்பிள்ளை அவன். உடனே எழும்பி, "ஐ ஆம் குட், அங்கிள்" என்றான். நிஸ்தாரும் தலையாட்டிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

சஹனில் உட்கார்ந்ததும் ஒரே கூச்சல். "அங்கிள், இவன் இடக் கையால தின்றான்!"

"வலக் கையால தின்னுடா" என்றார் நிஸ்தார், சரியாகப் பார்க்காமலே.

அஸ்ஹான் வலக் கையைச் சோற்றில் வைத்தான். விரல்கள் மடங்கவில்லை. சோறு சிதறியது. மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. ஆனால் முகம்? கல்லு மாதிரி இருந்தது. நிஸ்தார் போர்வையை விலக்கிப் பார்த்தார். மணிக்கட்டு புடைத்து நீலம் பாரித்திருந்தது.

"அல்லாஹ்வே! ஏன்டா வாய் திறக்கல்ல?"

"மொரான் முகம் சுழிக்க மாட்டான். மிஸ்னா அன்ரிய அடக்கின அண்டைக்கு நீங்களும் சுழிக்கல்லயே."

மற்றப் பையன்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள். நெடுநாளைக்குப் பிறகு நிஸ்தாருக்குள் எழுந்த முதல் உணர்ச்சி பயம்தான். செத்துக் கிடந்த நெஞ்சை வீரம் என்று காட்டி இந்தப் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டோமே என்ற பயம்.

அஸ்ஹானின் உம்மாவை நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டு, தானே காரில் ஏற்றிக்கொண்டு போனார். சைபரிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று நர்ஸ் கேட்டாள்.

"சீரோ" என்றான் அஸ்ஹான்.

"பொய் சொல்லாத மகன். வலிச்சா வலிக்குதெண்டு சொல்லணும்."

"அப்ப நீங்க முதல்ல சொல்லுங்க அங்கிள். உங்களுக்கு எவ்வளவு?"

வழக்கமான அல்ஹம்துலில்லாஹ் நாக்கு நுனிவரை வந்தது. அவர் பையனின் கையைப் பார்த்தார். அந்தச் சொல்லை இப்போது சொன்னால் இவன் இந்த ஜென்மத்தில் வாய் திறக்க மாட்டான்.

"பத்து" என்றார். குரல் உடைந்தது. "உன்ட அன்ரி போன நாளையில இருந்து பத்துடா."

அஸ்ஹான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு கோணியது.

"அப்ப எனக்கு எட்டு" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதான்.

நர்ஸ் எட்டு என்று குறித்துக்கொண்டாள். நிஸ்தார் சிவப்புப் போர்வையின் முனையால் பையனின் மூக்கைத் துடைத்துவிட்டார். தன் முகத்தைத் துடைக்க அவருக்கு நினைவே வரவில்லை.