தோசைக்கல் பக்கத்து மேசை

சிவகாசி ஓட்டலில் என் உறுப்பினர் அட்டைக்கு இரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு இலவசம். நான் தனி ஆள். திருத்தங்கல் அச்சகத்துக்கு என்னைக் கூட்டிப்போக வாசலில் நிற்கும் ஓட்டல் டிரைவர் மாரியப்பனைச் சாப்பிட அழைக்கிறேன்.

"வேண்டாம் சார். எம் பொண்டாட்டி செல்விதான் இங்கன தோசை ஊத்துதா. நாலு வருசமா வாசலோட சரி, நான் உள்ள வந்ததில்ல."

"அப்படீன்னா கட்டாயம் வரணும்."

கணவர் தோசைக்கல் பக்கத்து மேசையில் உட்காருவதைக் கண்டு செல்வி திகைக்கிறார். பிறகு முறுகலான நெய் ரோஸ்ட்டை அவரே கொண்டுவந்து வைக்கிறார்.

"சட்னி போதுமா சார்?" என்று கணவரிடம் கேட்கும்போது முகத்தில் சிரிப்பே இல்லை.

மாரியப்பன் ஒரு வாய் சாப்பிடுகிறார். "வீட்டுல இம்புட்டு ருசி இல்லையே?"

"வீட்டுல நின்னுக்கிட்டே சாப்பிட்டு ஓடுதீக. இன்னைக்குத்தான் உக்காந்திருக்கீக."

இரண்டாவது தோசை வருகிறது. நான் அச்சகத்துக்குப் போன் செய்து, வர அரை மணி நேரம் ஆகும் என்கிறேன்.