இல்லாத ஊரில் முதல் தட்டைத் தேடி

எர்லாங்கனிலிருந்து பீலெஃபெல்டுக்கு ரயிலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நூரன்பெர்க்கில் ஒருமுறை, ஹனோவரில் ஒருமுறை வண்டி மாற வேண்டும். பாதிக் கட்டண அட்டை இருந்ததால் சீட்டு நாற்பத்தேழு யூரோ. 2005 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நான் வண்டி ஏறியது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. கியூபா நாட்டுத் தாளங்களில் 'ஒன்று' எங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்ள. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுகிறோமே, அந்த ஒன்று. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள் சிலர் சேர்ந்து ஒரு நடன இசைக்குழு வைத்திருக்கிறார்கள். காங்கா என்கிற உயரமான கியூபா மேளத்துக்கு ஆள் கிடைக்காமல் இருந்தார்கள். பாஸ் கிதார் வாசிக்கும் ஸ்டெஃபான்தான் குழுவின் தலைவர். "நீ இந்தியாவில் மேளம் படித்தவள்தானே?" என்று என்னைக் கேட்டார். சேலத்தில் பள்ளிப் பருவம் முழுக்க மிருதங்கம் படித்த திமிரில் உடனே தலையாட்டிவிட்டேன். கை நன்றாகத்தான் பேசியது. ஆனால் நான் வாசிக்க ஆரம்பித்ததும் ஆடுகிறவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். "நீ எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்விடுகிறாய்" என்றார் ஸ்டெஃபான். எங்கே ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பீலெஃபெல்டில் ஒரு கியூபாக்காரி வார இறுதி வகுப்பு நடத்துகிறாள் என்று விலாசம் கொடுத்தவரும் அவர்தான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். திங்கட்கிழமை ஒத்திகையில் ஏதாவது ஒரு பாட்டைப் போடுவார். அது என்ன தாளம், அதில் ஒன்று எங்கே என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டிசம்பர் நடன விருந்துக்குப் பக்கத்து ஊரான ஃபுர்த்திலிருந்து வேறொருவர் வந்து என் நாற்காலியில் உட்காருவார். ஜெர்மனிக்கு வந்த நான்கு வருடத்தில் எனக்கென்று கிடைத்த ஒரே நாற்காலி அது. ஆய்வகத்தில் என் பெயரை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்கள்கூட ஒத்திகை அறையில் 'நம்ம காங்காக்காரி' என்று கூப்பிடுவார்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

ஹனோவரில் மாறிய வண்டியில் எதிரே ஒரு முதிய ஜெர்மன் பெண்மணி. எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "பீலெஃபெல்டா? அப்படி ஓர் ஊரே கிடையாதே" என்றார், முகத்தில் சிரிப்பின் சுவடுகூட இல்லாமல். பதறிப்போய்ச் சீட்டை எடுத்துக் காட்டினேன். அதை நிதானமாகப் படித்துவிட்டு, "சீட்டு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்" என்றார். அது நாடு முழுக்க வழங்கும் கேலி என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. தெரியாத தட்டைத் தேடி இல்லாத ஊருக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

மாலை ஏழு மணி. ஊர் இருந்தது. மழையும் இருந்தது. ஒன்றாம் எண் டிராமில் பிராக்வேடே என்ற புறநகருக்குப் போனேன். எர்லாங்கனில் எனக்குப் பழக்கமான யாழ்ப்பாணத் தோழி சுகந்தி, தன் சிநேகிதி புளோரா அக்கா வீட்டில் தங்க ஏற்பாடு செய்திருந்தாள். அக்காவும் அவர் கணவர் ஜெறோம் அண்ணையும் மன்னார்க்காரர்கள். கத்தோலிக்கர்கள். எண்பதுகளில் அகதிகளாக வந்தவர்கள். அண்ணை இப்போது அந்த ஊர் டிராம் ஓட்டுகிறார்.

"வாங்கோ, வாங்கோ. நல்லா நனைஞ்சு போனியள். மேளம் எங்க?" என்று என் கையைப் பார்த்தார் அக்கா.

"மேளம் அங்கேயே இருக்குக்கா. ஐ ஜஸ்ட் ப்ராட் மை ஹேண்ட்ஸ்" என்றேன்.

"கையோட வந்ததே பெரிய விஷயம்" என்று சொல்லிக்கொண்டே அண்ணை தலை துவட்டத் துவாய் எடுத்து வந்து கொடுத்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணி. பழைய லினன் நெசவாலை ஒன்றின் மேல்மாடியில் வகுப்பு. இரண்டு நாளுக்குத் தொண்ணூறு யூரோ, மதிய சூப் உட்பட. அரைவட்டமாக மேளங்கள், அவற்றுக்குப் பின்னால் ஜெர்மானியர்கள். எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஆசிரியையின் பெயர் மிலாக்ரோஸ். ஐம்பது வயதிருக்கும். காலில் சிவப்புக் கம்பளிக் காலுறை. கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்த காலத்தில் நூற்பாலை வேலைக்காக வந்தவராம். அவருடைய ஜெர்மன் வேகமாக ஓடியது. நான் பாதியைப் பிடித்தேன், மீதியைக் கைகளைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

முதலில் தும்பாவ். ஸல்சா நடன இசையில் பெரும்பாலும் கேட்பது இதுதான். உள்ளங்கையாலும் விரல்நுனியாலும் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். நடுவில் பட்டென்று ஓர் அறை. கடைசியில் கணீரென்று திறந்த அடி இரண்டு. கால் மணி நேரத்தில் என் கையில் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த ஹான்னெஸ் என்ற பள்ளி ஆசிரியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பொறாமையோடு பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அடுத்து மிலாக்ரோஸ் வாசிக்க, நாங்கள் ஒன்று விழும் இடத்தில் மட்டும் கை தட்ட வேண்டும். எனக்கு இது சின்ன வயதுப் பழக்கம். தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன். ஒரு தட்டு, மூன்று விரல், மறுபடி தட்டு, வீச்சு. கணீரென்று அந்தத் திறந்த அடி வந்த இடத்தில் கச்சிதமாகச் சமம், அதாவது நம் ஊர் 'ஒன்று'. மற்றவர்கள் கை எனக்குப் பின்னால் விழுந்தது. பாவம், தாமதமாகத் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். மிலாக்ரோஸ் நிறுத்திவிட்டு என் தொடையைப் பார்த்தார். "ஏன் அங்கே தட்டுகிறாய்?" என்றார்.

"அங்கேதானே சத்தம் பெரிதாக இருக்கிறது?" என்றேன்.

"அது நான்காவது. ஒன்று அதற்கு அடுத்து வருகிறது."

அதற்கு அடுத்து என்ன இருக்கிறது? உள்ளங்கையை மேளத்தின் மேல் சும்மா வைக்கும் ஓர் ஓசை. காது கூர்ந்தாலும் சரியாகக் கேட்காது. ஊரெல்லாம் ஆடுவதற்கு ஆதாரமான தட்டை யாராவது இப்படி ஒளித்து வைப்பார்களா? நம் ஊரிலும் சமத்திலிருந்து தள்ளி எடுக்கிற பாட்டுகள் உண்டு. அவை எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அப்போதும் பாடுபவர் தொடையில் தாளம் விழும். முன்வரிசையில் பத்துத் தொடைகளில் விழும். சமம் எங்கே என்று ஊரே கைகாட்டும். இங்கே யாரும் எதையும் காட்டவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

மிலாக்ரோஸ் என் கைகளை நாற்காலிக்கும் தொடைக்கும் நடுவில் வைத்து அதன்மேல் உட்காரச் சொன்னார். அப்படியே பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சூப்புக்கு மட்டும் கையை விடுவித்தார்கள். பிற்பகலில் குவாகுவாங்கோ வந்தது. கனத்த மேளமும் நடு மேளமும் ஒன்றையொன்று கேள்வி கேட்டுக்கொள்ளும், சின்ன மேளம் குறுக்கே வாயாடும். பிறகு பெம்பே. அது ஆறு ஆறாகத் துள்ளும். ஒன்றிலிருந்து ஒன்று வேறு என்று பார்த்தால் தெரிந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டால் மூன்றும் கலந்துவிட்டன. ஹான்னெஸ் பெயர்களைச் சரியாகச் சொன்னார். நான் தும்பாவைக் குவாகுவாங்கோ என்றேன். கையில் வந்த தாளம் காதில் வராமல் போனதை இன்றைக்கும் என்னால் விளக்க முடியாது.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும். சாப்பாட்டில் மனம் செல்லவில்லை. திங்கட்கிழமை கண்முன்னே நின்றது. விவரத்தைச் சொன்னேன். "உது என்ன மேளம், கேப்பம். அடியுங்கோ" என்றார் ஜெறோம் அண்ணை. பெம்பேயை மேசையில் தட்டினேன். நான்கு சுற்று போவதற்குள் அண்ணை எழுந்துவிட்டார். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம். கையில் கரண்டியோடு அக்காவும் சேர்ந்துகொண்டார்.

"இது பைலா எல்லோ! எங்கட கலியாண வீட்டில விடியும்வரை ஆடுறது" என்றார் அண்ணை.

"இல்லண்ணே, திஸ் இஸ் ஃப்ரம் கியூபா" என்றேன்.

"கியூபாவோ என்னவோ. காலுக்குத் தெரியுது."

சரி என்று தும்பாவைத் தட்டினேன். அண்ணை ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார். "இதில கால் எங்க வைக்கிறது, பிள்ளை?" என்றார்.

"அதுதாண்ணே தெரியல."

"தெரியாட்டி ஆட ஏலாதே" என்று காலை இறக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு. காலையில் அவர்கள் பூசைக்குப் போக, நான் நெசவாலைக்குப் போனேன். கடைசி நாளின் கடைசி வேலை, முதுகைக் காட்டி உட்கார்ந்து தாளத்தின் பெயரைச் சொல்வது. பிற்பகல் மூன்று மணி. என் வண்டி ஐந்துக்கு. அழைத்துப் போக வந்த ஜெறோம் அண்ணை பூசை உடுப்போடும் காலில் பளபளக்கும் சப்பாத்தோடும் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்து மிலாக்ரோஸ் ஆரம்பித்தார். ஆறு ஆறாகத் துள்ளியது. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று மனம் கத்தியது. வாயைத் திறந்தேன்.

"பைலா!" என்றேன்.

மேளம் நின்றது. வகுப்பில் கொடுத்திருந்த தாள்களை ஹான்னெஸ் முன்னும் பின்னும் புரட்டினார். "அப்படி ஒன்று நாம் படிக்கவில்லையே" என்றார் கவலையோடு. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"ஓம், ஓம், பைலாதான்!" என்றார் கதவருகிலிருந்து அண்ணை. பிறகு ஜெர்மனில் மிலாக்ரோஸிடம், இலங்கையில் இதற்கு ஆடுவோம் என்றார்.

"ஆடிக் காட்டு" என்றார் மிலாக்ரோஸ்.

அண்ணை கூச்சப்படுகிற ஆள் இல்லை. கோட்டை என் மடியில் போட்டுவிட்டு நடுவில் வந்தார். நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டோம். மிலாக்ரோஸ் வாசிக்க, டிராம் ஓட்டும் அந்தப் பெரிய உடம்பு மரத்தரையில் மிதந்தது. வாசிப்பவர் தன் மேளத்தைப் பார்க்கவே இல்லை. அவர் கண் முழுக்க அண்ணையின் சப்பாத்தில் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பெயர் தப்பு. இது பெம்பே. ஆனால் அவர் ஒன்றைத் தப்பவிடவில்லை. எப்போது ஜெர்மனிக்கு வந்தார்?"

"எண்பத்தைந்து. கிழக்கு ஜெர்மனியில், ஷோனெஃபெல்ட் விமான நிலையம்" என்றார் அண்ணை மூச்சு வாங்கிக்கொண்டே.

"நானும் ஷோனெஃபெல்டில்தான் இறங்கினேன்" என்றார் மிலாக்ரோஸ். "கோட்டு இல்லாமல், டிசம்பரில்."

"எனக்கும் கோட் இல்லை" என்றார் அண்ணை. இருவரும் சத்தமாகச் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு அதில் என்ன சிரிப்பு என்று புரியவில்லை.

"தும்பாவை ஒரு முறை வாசிப்பீர்களா?" என்று நான் கேட்டேன். வாசித்தார். இரண்டு நாளாக நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அல்லது முதுகைக் காட்டிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் அண்ணையின் சப்பாத்தைப் பார்த்ததைப் போல, நான் அவருடைய சிவப்புக் காலுறையைப் பார்த்தேன். கணீர், கணீர் என்று திறந்த அடி இரண்டும் வந்தன. அதற்கு அடுத்து, மேளம் அடங்கிய அந்த இடத்தில், இடது குதிகால் தரையில் இறங்கியது. மறு சுற்றிலும் அங்கேயே. அந்தப் பெரிய சத்தம் வந்து சேர்ந்ததற்கு அல்ல, வா என்று கூப்பிடுவதற்கு. வந்து சேர்வது கால். சமத்தை மேளக்காரி வாசிக்கவில்லை, ஆடுகிறவர்களிடம் விட்டுவைத்திருக்கிறாள். நான் அதை அவர்களிடமிருந்து பிடுங்கி வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஐந்து மணி வண்டி. "கால விடாதேங்கோ, பிள்ளை" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார் அண்ணை. புளோரா அக்கா கட்டிக் கொடுத்திருந்த மீன்ரொட்டி மடியில் சூடாக இருந்தது. ஹனோவர் வரை எல்லாம் தெளிவாக இருந்தது. நூரன்பெர்க் நெருங்கும்போது மனசுக்குள் தும்பாவை ஓட்டிப் பார்த்தேன். கை தானாகத் தொடையில் விழுந்தது, அதே தப்பான இடத்தில். திடுக்கிட்டுப் பார்த்தேன். என் கால்கள் இரண்டும் இருக்கைமேல் சம்மணம் போட்டிருந்தன. சேலத்து வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே அதுதான். காலை மடக்கு, அசையாமல் உட்கார், கை மட்டும் பேசட்டும். அங்கே அது சரி. இங்கே, தாளத்தின் பாதியை மடித்து உடம்புக்கு அடியில் போட்டுக்கொண்டுதான் நான் தேடப் போயிருக்கிறேன்.

திங்கட்கிழமை மாலை ஆறரை மணி, ஒத்திகை அறை. ஃபுர்த்காரர் முன்னமே வந்திருந்தார். நல்ல மனிதர், எழுந்து கை கொடுத்தார். ஸ்டெஃபான் ஒரு குறுந்தகட்டைப் போட்டார். கேட்டேன். எதுவும் பிடிபடவில்லை. "குவாகுவாங்கோ?" என்றேன். ஸ்டெஃபான் உறையைப் பார்த்து ஒரு பெயரைப் படித்தார். அந்த வார இறுதியில் யாருமே சொல்லாத பெயர் அது.

மேளத்துக்குப் பின்னாலிருந்த நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டேன். காலணியைக் கழற்றிவிட்டு நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு, பாட்டைக் காலுக்கு விட்டேன். முதலில் தடுமாறியது. அப்புறம் ஓர் இடத்தில் குதிகால் இறங்கியது. அடுத்த சுற்றில் அங்கேயே இறங்கியது. அதற்கடுத்ததிலும். ஸ்டெஃபான் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாஸ் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் குதிகால் விழுந்த இடத்தில் நுழைந்தார். நான் கையைப் பிரித்து மேளத்தில் வைத்தேன்.

ஃபுர்த்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சுவரோரம் கிடந்த என் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.