ஒற்றை வாய் மென்ற முதாய்

சுனில்டா பானையின் வாயில் காதை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

பெவென் மரத்துக் கொட்டைகளை வேகவைத்து, தோலுரித்து, கல்லில் அரைத்துக் கரைத்திருந்தாள். மாவில் ஒரு பங்கை வாயிலிட்டு மென்று பானைக்குள் உமிழ வேண்டும். அப்போதுதான் முதாய் என்கிற அந்தக் கள் புளித்து, நுரைத்து, பானைக்குள் சளசளக்கும். மாமியார் இருந்த காலத்தில் வீட்டுப் பெண்கள் பானையைச் சுற்றி உட்கார்ந்து மெல்லுவார்கள். வாய் நிறைய மாவோடு சிரிக்க முடியாமல் மூக்கால் சிரிப்பார்கள். மாமியார் போனார். நாத்தனார்கள் மலைக்கு அந்தப்பக்கம் வாழ்க்கைப்பட்டார்கள். மகன்கள் ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். போன பனிக்காலத்தில் புருஷன் பெலார்மினோவும் போய்ச் சேர்ந்தான். மிச்சம் இருந்தது அவளுடைய வாய் ஒன்றுதான். அதிலும் கடைவாய்ப் பற்கள் இல்லை.

கொட்டை உதிர்ந்து முடிந்ததும் ஊர் கூடி நடத்தும் வேண்டுதலுக்கு வீட்டுக்கொரு தழைக்குடில் உண்டு. கிழக்கைப் பார்த்து, பிறை போல வரிசையாக நிற்கும். குடில் போட்டால் விருந்தாளிக்கு முதாய் ஊற்றியாக வேண்டும். ஊற்ற இல்லாதவர்கள் சொந்தக்காரர் குடிலில் ஒதுங்குவார்கள். அடுத்த வருஷம் பக்கத்துக் குடில்கள் நகர்ந்து அந்த இடத்தை மூடிவிடும்.

கொழுந்தன் மனைவி ஓர்பெலினா குதிரையை விட்டு இறங்காமலே வேலிக்கு வெளியிலிருந்து கூப்பிட்டாள்.

“என்னக்கா, பானை பேசுதா?”

“அது பேசுறப்ப பேசும்.”

“ஒண்டிக்கட்டைக்குத் தனிக்குடில் எதுக்கு? பேசாம எங்ககூட வந்து உக்காந்துக்க. எங்க பானை இப்பவே பொங்கி வழியுது.”

“வழிஞ்சா நாயை நக்கச் சொல்லு. பெலார்மினோ குடில் அவன் எடத்துலதான் நிக்கும்.”

“பல்லு போனாலும் வாயி போகல உனக்கு!” என்று குதிரையைத் தட்டினாள் ஓர்பெலினா.

வந்து கொஞ்சம் மென்று கொடு என்று கேட்டிருக்கலாம். கேட்க நா எழவில்லை. சுனில்டா மாவை எடுத்து ஈறுகளால் அரைத்தாள். தாடை இற்றுப்போகும்வரை அரைத்தாள்.

வேண்டுதலன்று காலையிலும் பானை ஊமையாகவே இருந்தது. அதையே குதிரையில் ஏற்றிக் கொண்டுபோனாள். பெவென் கிளைகளை வெட்டி, புருஷன் நட்ட அதே குழிகளில் நட்டுக் குடில் போட்டாள்.

அவள் குடிலுக்கு விருந்தாளியாக மலை தாண்டி வந்த கிழவர் ஒருவரை ஊர்க்காரர்கள் அனுப்பினார்கள். குவளையை வாங்கி, முதல் துளிகளை மண்ணுக்குச் சிந்திவிட்டு, ஒரு வாய் குடித்தார். அவர் புருவம் அசைவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் தூங்குது போலிருக்கே, தங்கச்சி.”

“குளிரு, அண்ணே.”

“ஆமாமா, குளிருதான்.” குவளையை முழுசாகக் காலி செய்து மறுபடி நீட்டினார். “தூங்குற புள்ளையை எழுப்பக் கூடாது. ஊத்து.”

பக்கத்துக் குடிலில் ஓர்பெலினா இதைப் பார்த்தாள். திரும்பிக்கொண்டு தன் விருந்தாளிக்கு இறைச்சி வெட்டினாள்.

வேண்டுதல் ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். குடிலை அப்படியே விட்டுவிட்டு, அரைப்பானை மிச்சத்தோடு சுனில்டா வீடு திரும்பினாள். மகன்கள் யாரும் வரவில்லை. வருவதாகச் சொல்லவும் இல்லை. அடுப்பை நன்றாக மூட்டி, பானையை அதன் பக்கத்தில் தள்ளி வைத்தாள். பிறகு, பனிக்காலத்துக்கான கொட்டைகளைக் கெடாமலிருக்க ஓடையோரக் குழியில் புதைத்து மூடும் வேலையில் பானையையே மறந்துபோனாள்.

ஒரு மத்தியானம், விறகோடு உள்ளே நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அடுப்பு மூலையிலிருந்து சளசளவென்று பேச்சுச் சத்தம். விறகைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் மூடியைத் திறந்தாள். நுரை விளிம்புவரை ஏறியிருந்தது.

“இப்பத்தான் வாய் தெறந்துச்சா உனக்கு?” என்றாள்.

வெளியே முதல் பனி விழ ஆரம்பித்திருந்தது. இனிப் பாதை மூடிவிடும். யாரும் வர மாட்டார்கள். குவளையில் மொண்டு, மண் தரையில் கொஞ்சம் சிந்திவிட்டு, குடித்தாள். புளிப்பும் இனிப்புமாக, மாமியார் கைப்பக்குவம் அப்படியே இருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று சொல்ல, பெலார்மினோ எப்போதும் உட்காரும் பக்கம் தலையைத் திருப்பினாள்.

இன்னொரு குவளை மொண்டுகொண்டாள்.