மாமா தந்த பாலைவன விதை

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரே ஒரு ரோஜாச்செடி இருந்தது. என்னுடையது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் மாமா அந்தத் தொட்டியில் பாலைவனத்தைக் கொண்டுவந்து வைத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி; ராணுவத்தில், ராஜஸ்தான் பக்கம் வேலை. லீவில் ஆவடிக்கு வருகிறவர் ஓர் ஒட்டகப் பொம்மையாவது வாங்கி வரக் கூடாதா? காகிதப் பொட்டலத்தில் பழுப்பாக ஏதோ விதை கொண்டுவந்தார். அங்கே மணலில் தானாகப் பூக்கிற பூவாம். என்ன பூ என்றால், பூக்கும்போது தெரியும் என்றார்.

லீவு முடிந்து அவர் போனதும் தொட்டி என் தலையில் விழுந்தது. மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் விட வேண்டும் என்பது அவர் கட்டளை. எங்கள் வீட்டிலோ அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்கினால் பாவம். மாடி ஏறுகிறவர்களெல்லாம் ஒரு சொம்பு கொண்டுவந்து தொட்டியில் கொட்டினார்கள். விதை அழுகிப் போனது. பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் கெஞ்சி மணல் வாங்கிக் கலந்து, மிச்ச விதையைப் போட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காவல் நின்றேன்.

அது போதாதென்று வீடியோ கால் வேறு. என் தம்பிக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காராமல் குத்த முடியாது. அதனால் லீவு எப்போது என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள். உடனே மாமா தொட்டியைக் காட்டச் சொல்வார். கொதிக்கிற வெயிலில் போனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது நான். கிட்டே காட்டு, இலையைத் திருப்பு என்று ஆயிரம் அதிகாரம். கீழே அம்மா பதில் கிடைக்காமல் நிற்பாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

கடைசியில் ஒருநாள் காலையில் பூத்தது. சின்னதாக, மஞ்சளாக. மேலே வந்து பார்த்த அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நெருஞ்சி! எங்கள் தெருவின் காலி மனைகளிலும், நெமிலிச்சேரி வரை தண்டவாளத்தோரமும் படர்ந்து கிடக்கிற, என் சைக்கிள் டயரைப் பஞ்சராக்குகிற அதே நெருஞ்சி. முள்ளை உடைத்துத் தேய்த்துக் கொடுத்திருந்ததால் விதையாகப் பார்த்தபோது ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை; முளைத்த இலையையோ என்னைத் தவிர யாரும் குனிந்து பார்க்கவில்லை, எனக்கு முள்ளைத்தான் தெரியும், இலை தெரியாது. இதற்காகவா என் ரோஜா செத்தது?

அன்று மாமா கூப்பிட்டதும் அம்மாவை முந்திக்கொண்டு நானே சொன்னேன்.

"மாமா, இது நெருஞ்சி. நம்ம ஊர்ல தெருத்தெருவா கீது."

"தெரியும் பாப்பா," என்றார். "இங்க சுத்தி வெறும் மணலு. எனக்குப் பேர் தெரிஞ்ச செடி இது ஒண்ணுதான். அதான் எடுத்தாந்தேன்."

இங்கே இருப்பதை அங்கே பார்த்து, அதை இங்கேயே சுமந்து வருவானா ஒரு மனுஷன்? கேட்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். லீவைப் பற்றி அன்று அவள் பேசவே இல்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

பிறகு செடி காய்த்து, மாடி முழுக்க முள் உதிர்ந்தது. துணி காயப்போடப் போகிற அம்மாவின் காலில்தான் முதலில் குத்தும். பிடுங்கிவிடவா என்று அப்பா கேட்டார், வேண்டாம் என்றாள். தெருவில் இல்லாத நெருஞ்சியா என்று நான் கத்தினேன். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று, உள்ளங்காலிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டே, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றாள். அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்ந்தாற்போல் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.