நான் கதவைத் திறந்த ராக்கெட்

ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் நடந்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் பம்பாயில். இருந்தாலும் யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டேன். பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு அடுப்படியில் தனியாகத்தான் சாப்பிடுவேன்.

ஆகாயத்தில் மனுஷர் எப்படிக் குடியிருப்பார்கள் என்று பிள்ளைகள் இருந்து பார்க்க வேண்டுமாம். அதற்காக ஒருநாள் அறிவியல் டீச்சர் வகுப்பறையையே ராக்கெட் ஆக்கி, கதவைச் சாத்திவிட்டார்.

"ஆச்சி, இன்னைக்குச் சோத்த ஜன்னல் வழியாக் குடுத்துருங்க" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளைகள் என்ன ஜெயிலிலா இருக்கின்றன? சோற்றுப் பானையோடு போய்க் கதவைத் தள்ளித் திறந்தேன்.

அத்தனை பிள்ளைகளும் தொப்புத் தொப்பென்று தரையில் விழுந்தன. பதறிப்போனேன்.

"கதவ ஏன் ஆச்சி தொறந்தீய? காத்தெல்லாம் போயிட்டு. நாங்க செத்துட்டோம்லா!" என்றாள் ஒருத்தி, கண்ணைத் திறக்காமலே.

டீச்சர் வாயைப் பொத்திச் சிரித்தார். நான் கூனிக்குறுகி வாசலிலேயே நின்றேன். அப்போது ஒரு சின்னப் பெண் எழுந்து ஓடிவந்தாள்.

"ஏட்டி, செத்தவ எப்படி எந்திச்ச?" என்று மற்றவள் அதட்டினாள்.

"ஆச்சிய உள்ள கூட்டிட்டு வந்து திரும்பச் செத்துக்கிடுதேன்" என்றவள், என் கையைப் பிடித்து இழுத்தாள். "அங்கன நிக்காதீய ஆச்சி. வெளிய மூச்சே கிடையாது."

உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு அவர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்களோடு சாப்பிட்டேன்.

அந்தப் பிள்ளை விளையாட்டுக்குத்தான் அப்படிச் சொன்னாள். எனக்கு மட்டும் அது விளையாட்டாகப் படவில்லை.