யாருக்கு அடுத்தது?

கல்முனையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்த அழைப்பு வந்தது. நாங்கள் பராமரித்த வெப் அப்ளிகேஷனைப் பாவிக்கும் சாய்ந்தமருது கண் கிளினிக்கிலிருந்து பரீதா மிஸ் பேசினார். அங்கே அவர் நர்ஸ்.

"நெக்ஸ்ட் பட்டன அமத்தினா வெள்ளைப் பக்கம் வருது. சில நேரம் வேற ஆள்ட விவரம் வருது. கெதியா பாருங்க தங்கச்சி."

அந்த அப்ளிகேஷனை எழுதியவர் கட்டாருக்குப் போய்விட்டார். அவர் எழுதிய புரோகிராம் கோடைத் திறந்தேன். திரையில் இருக்கும் ரெக்கோர்டின் ஐடியோடு, அதாவது பதிவு எண்ணோடு, ஒன்றைக் கூட்டினால் நெக்ஸ்ட், ஒன்றைக் கழித்தால் பிரீவியஸ். இடையில் ஒரு ரெக்கோர்ட் அழிந்திருந்தால் வெள்ளைப் பக்கம்தான் வரும்.

"இல்லாத ஐடியத் தாண்டிப் போகச் செஞ்சிட்டு மற்ற வேலையப் பாருங்க" என்றார் மனேஜர்.

வேறு ஆளின் விவரம் ஏன் வருகிறது? அது புரியாமல் எனக்கு மனம் ஒப்பவில்லை. சாய்ந்தமருதுக்கு பஸ் ஏறிப்போய் மிஸ்ஸின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இறக்காமத்து விவசாயி இஸ்மாயில் காக்காவின் முறை வந்தது. மிஸ் நெக்ஸ்ட்டை அமத்தினார். திரையிலும் இஸ்மாயில் என்றே இருந்தது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை எடுத்தார். காக்கா கையால் தடுத்தார்.

"மகள், இது எனக்கு விடப்படா எண்டு போன முறை டொக்டர் சொன்னாரே. கண்ணுல பிரஷர் இரிக்கி."

திரையில் அந்தக் குறிப்பு இல்லை. அது வேறொரு இஸ்மாயில். "யா அல்லாஹ்" என்று மிஸ் மருந்தைக் கீழே வைத்தார்.

காரணம் அங்கேயே தெரிந்தது. மிஸ் அன்றைக்குக் கொடுத்த டோக்கன் ஒழுங்கில் கூப்பிடுகிறார். நெக்ஸ்ட்டோ முதன்முதல் பதிந்த ஒழுங்கில் நகர்கிறது. எல்லோரும் புதியவர்களாக வந்த காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்ததால் பிழை வெளியே வரவில்லை. சரி செய்யும்வரை பட்டனைத் தொடவேண்டாம், நோயாளியின் கார்ட் இலக்கத்தைத் தேடி எடுங்கள் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு மனேஜரை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"நாளைக்கு மற்ற இடத்துல டெமோ இரிக்கி. இதப் பொறகு பாப்பமே."

"ஏலா சேர். இத முடிக்காம நான் வேற ஒண்டுலயும் கை வைக்கமாட்டன்."

மனேஜர் இறங்கிவந்தார். "சரி, முடிச்சிட்டே வாங்க."

அன்றைய பட்டியலை மட்டும் எடுத்து டோக்கன்படி அடுக்கினேன். இப்போதைய டோக்கனைவிடப் பெரியவற்றில் மிகச் சிறியது நெக்ஸ்ட், சிறியவற்றில் மிகப் பெரியது பிரீவியஸ். கடைசி ஆள் வந்ததும் நெக்ஸ்ட் பட்டன் மங்கிவிடும். பெயரோடு வயதும் ஊரும் பெரிய எழுத்தில் தெரியும்.

மறுநாள் காலை மிஸ் ஒவ்வொரு முறை அமத்தும்போதும் பெயரையும் ஊரையும் உரத்து வாசித்தார். வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் "ஓம், நான்தான்" என்று ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ஓரிடத்திலும் பிசகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நெக்ஸ்ட் பட்டனை எழுதுமுன் எந்த ஒழுங்கில் அடுத்தது என்று கேளுங்கள். பதிலை டேட்டாபேசில் தேடாதீர்கள். அதைப் பாவிப்பவர் எப்படி வேலை செய்கிறார் என்று போய்ப் பாருங்கள்.