அவறாச்சன் சேட்டனுக்குக் கிடைத்த ஏ பிளஸ்

கோட்டயத்தில் வார இதழ் நடத்தும் முதலாளிகள் கல்யாண வீடுகளில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். வெளியே வந்ததும் மோதிரம் விரலில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் ‘செம்பனீர்’ முதலாளி ஈப்பன் சாருக்கு ‘பூமுகம்’ என்ற பெயரைக் கேட்டாலே நெஞ்செரிச்சல் வரும். ‘வெயில்நாளம்’ என்றால் இரண்டு மாத்திரை. நான் அங்கே பக்கம் கட்டுகிறவன், அதாவது லே-அவுட் ஆள், பெயர் ரெஜி. இந்தக் கதை என்னுடையதல்ல, வடக்கேமுறி அவறாச்சன் சேட்டனுடையது.

அவர் ஜெனரேட்டர் ஓட்டத்தான் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. யார் பார்த்துக்கொள்வது என்று கேள்வி எழுந்தபோது ஈப்பன் சார், “ரெண்டும் கரண்டுல ஓடுறதுதானே, அவறாச்சன் பாத்துக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சேட்டன் ‘சிஸ்டம் இன்சார்ஜ்’. துலாவர்ஷ மழைக்காலத்தில் வானம் லேசாக உறுமினால் போதும், ஓடிவந்து எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பெண்டாட்டி அன்னக்குட்டியின் பழைய முண்டுத் துணியால் கம்ப்யூட்டரைப் போர்த்திவிடுவார். நான் பாதி கட்டிய பக்கம் போகும். திட்டினால், “பக்கம் போனா கட்டிக்கலாம்டா. மெஷின் போனா உங்கப்பனா தருவான்?” என்பார்.

பாஸ்வேர்டு விஷயத்தில் அவர் பெரிய கறார் பேர்வழி. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், அதுவும் அவருக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் தொடர்கதை எழுத்தாளர் சசாங்கன் மீனடம் வாராவாரம் தன் அத்தியாயத்தை ஆபீஸ் மெயிலோடு சேர்ந்த ஓர் இணையக் கோப்பில் தட்டச்சு செய்து வைப்பார். அவருக்கும் சரி, எனக்கும் சரி, சேட்டன்தான் வந்து திறந்துவிட வேண்டும். பரீட்சையில் பக்கத்துப் பையனிடமிருந்து விடையை மறைப்பதுபோல் இடது கையால் மறைத்துக்கொண்டு வலது கையின் ஒரே விரலால் தட்டுவார்.

அந்தக் கோப்பில்தான் அவருடைய மரியாதை முழுவதும் இருந்தது. பஸ்ஸில், மீன்கடையில், குர்பானைப் பூசை முடிந்து தேவாலய முற்றத்தில், எங்கே போனாலும் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். “சேட்டா, லிசம்மா பிழைப்பாளா?” லிசம்மா என்பவள் தொடர்கதையின் கதாநாயகி, குவைத்தில் நர்ஸ். கதையில் அவளுக்கு அடிமேல் அடி. சேட்டன் கண்ணை மூடி, “அதெல்லாம் ரகசியம் மோளே” என்பார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை. இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில். வீட்டில் அவரும் அன்னக்குட்டியும் டிவியும்தான்.

இந்த மனிதரைத்தான் நோன்புக் காலத்தின் நடுவில் ஈப்பன் சார் கூப்பிட்டார்.

“எடா அவறாச்சா, விற்பனை படுத்துடுச்சு. ஈஸ்டர் கழிஞ்சா நீ வீட்ல இருந்து ரெஸ்ட் எடு.”

“ரெஸ்ட் எடுக்க எனக்கென்ன நோய் சாரே?”

“நோய் வர்றதுக்கு முன்னாடி எடுக்கறதுதாண்டா ரெஸ்ட்.”

சேட்டன் அன்று மதியம் சாப்பிடவில்லை. பொட்டலத்தைப் பிரித்து கப்பைக் கிழங்கைப் பார்த்தார், மறுபடி மடித்துவிட்டார். “நாளைக்கு எவளாவது லிசம்மாவைப் பத்திக் கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு எப்படிடா சொல்றது?” என்று என்னைக் கேட்டார். 

அப்போதுதான் அந்த அறிக்கை வந்தது. விளம்பரக் கம்பெனிக்காரர்கள் யாரோ, இணையத் திருடர்களிடமிருந்து எந்தப் பத்திரிகை எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கொச்சியில் ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தார்கள். அந்த நிறுவனம் யாரையும் நேரில் வந்து பார்க்காது. வெளியே நின்றபடியே ஒவ்வொரு பத்திரிகையின் இணையதளத்தையும் தட்டிப் பார்த்து ஓட்டைகளை எண்ணும். பூமுகத்துக்கு ‘பி’, வெயில்நாளத்துக்கு ‘டி’. செம்பனீருக்கு ஏ பிளஸ்!

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் இணையதளத்துக்கு ஈப்பன் சார் வாடகை கட்டாமல் விட்டு அது செத்து வருடங்கள் ஆகியிருந்தன. சுவரே இல்லாத இடத்தில் ஓட்டையை எங்கே தேடுவது? நான் வாயைத் திறக்கவில்லை. அவறாச்சன் சேட்டனோ, அன்னக்குட்டியின் முண்டுக்குக் கிடைத்த மார்க் என்றே நம்பினார்.

பூமுகம் முதலாளிக்கு ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டார்கள் என்று சேதி வந்தது. ஈப்பன் சார் பழக்கூடையோடு போய்ப் பார்த்து, “மார்க்கெல்லாம் பெரிய விஷயமா? அடுத்த தடவை வாங்கிடலாம்” என்று ஆறுதல் சொல்லிவிட்டு, பத்து வயது குறைந்த முகத்தோடு திரும்பினார். வந்ததும், “அவறாச்சா, நீ எங்கயும் போக வேண்டாம்டா!” என்று கட்டிப்பிடித்தார். இந்த முறை மோதிரத்தைத் தடவவில்லை.

எங்கள் ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஏ பிளஸ் வாங்கினால் ஃபிளெக்ஸ் வைக்காத தெரு கிடையாது. ஈப்பன் சார் சும்மா இருப்பாரா? நாகம்படம் பாலத்தருகே, பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி ஒரு ஃபிளெக்ஸ் ஏறியது. வாசகம் எழுதும் பொறுப்பு எங்கள் நினைவஞ்சலிப் பக்கம் பார்க்கும் ஊம்மச்சனுக்குப் போனது. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கச் செத்தவர்களைப் பற்றியே எழுதியவர். கை பழக்கத்தை விடுமா? “வடக்கேமுறி அவறாச்சன், ஜனனம் 1967, மனைவி பாம்பாடி புத்தன்புரயில் அன்னக்குட்டி” என்று தொடங்கி, பிள்ளைகள், மருமக்கள், பங்குத் தேவாலயம் எல்லாம் எழுதிவிட்டார். அடக்க நேரம் மட்டும்தான் பாக்கி. கீழே, ‘வாழ்த்துகள் அனுப்ப வேண்டிய மெயில்’ என்று ஆபீஸ் முகவரி.

முதல் நாள் நாலு பேர் மாலையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சேட்டன் வாசலில் உயிரோடு நிற்பதைப் பார்த்து, அந்த மாலையை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டு, சாயாவும் குடித்துவிட்டு வந்தார்கள்.

ஈஸ்டர் இதழில் லிசம்மா கதை முடிந்தது. இதழ் கடைக்குப் போன அன்று சசாங்கன் மீனடம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தார்.

“யாருடா அவளைப் பிழைக்க வச்சது? நான் கொன்னுட்டுப் போனேன்! மூணு பக்கம் கஷ்டப்பட்டுக் கொன்னேன்!”

எடுத்துப் பார்த்தோம். அச்சான இதழில் லிசம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறந்து, அவளை ஏமாற்றிய புருஷனை நாலு கேள்வி கேட்டு, விமானம் ஏறி ஊருக்கு வந்திருந்தாள். கோப்பில் வந்ததை அப்படியே பக்கத்தில் ஊற்றுவதுதான் என் வேலை, படிப்பதல்ல. ஆபீசில் வேறு யாரும் படிப்பதில்லை. யாரோ உள்ளே புகுந்து மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

சேட்டன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. “கர்த்தாவே... வடக்கேமுறி 1967, வீட்டுப் பேரும் பிறந்த வருஷமும்” என்றார் மெதுவாக. பாஸ்வேர்டு அதுதான். அதைத்தான் பாலத்தருகே ஆளுயர எழுத்தில் ஊருக்கே எழுதி வைத்திருந்தோம். பக்கத்திலேயே மெயில் முகவரி, அதன் மேலே அவர் சிரித்த முகம்.

கையோடு உட்கார்ந்து, ஜெபமாலையின் வேண்டுதல்களையும் ஜெனரேட்டரின் பாகங்களையும் கலந்து ஒரு முழ நீளத்தில் புது பாஸ்வேர்டு போட்டார். பிறகு ராஜினாமா செய்ய ஈப்பன் சார் அறைக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன்.

ஈப்பன் சார் மூன்று போன்களில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் ஏஜெண்டுகள். இதழ் தீர்ந்துபோச்சு, இன்னும் அனுப்பு என்று ஒரே கூச்சல். லிசம்மா பிழைத்ததற்குப் பாலாயில் ஒரு கான்வென்ட்டில் பாயசம் வைத்தார்களாம்.

“ரெண்டாம் பாகம் அறிவிச்சாச்சு” என்றார் சார். “அந்தக் கள்ளன் எழுதட்டும்.”

“சாரே, நான் பாஸ்வேர்டை மாத்திட்டேன்.”

“யாரைக் கேட்டுடா மாத்தினே?”

“அது... பாதுகாப்புக்கு.”

“எடா, கள்ளன் உள்ள வர முடியலேன்னா நீயும் உள்ள வர வேண்டாம்!”

பழையதையே திரும்பப் போட்டுத் தொலைக்கலாம் என்றால், ஒருமுறை கழித்த பாஸ்வேர்டை அந்தக் கோப்பு ஏற்கவே இல்லை. இதற்குள் சசாங்கன் இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டுப் போனார். நாலாவது பத்தியிலேயே லிசம்மாவுக்குப் புற்றுநோய். சேட்டன் அதைப் படித்துவிட்டு, “இவனுக்கெல்லாம் பெண் பிள்ளையே இல்லையாடா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலை போகப்போகிற கவலையும் அதில் இருந்தது. இரண்டையும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆபீஸ் போன் அடித்தது. சேட்டன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல், கோபமாக.

“சேட்டா, பாஸ்வேர்டை மாத்திட்டீங்களா? உள்ள போக முடியல.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“யாரு பேசறது?” என்றார் சேட்டன்.

“பேரெல்லாம் எதுக்கு? டூட்டிக்கு நேரமாச்சு, சீக்கிரம் சொல்லுங்க. அந்த மீனடத்துக்காரன் அவளை மறுபடி என்ன பண்ணி வச்சிருக்கான்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேட்டனோ நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏ பிளஸ் வாங்கிய மனிதரல்லவா!

“அப்படியெல்லாம் உடனே சொல்லிட முடியாது மோளே. நீதான் அசல் கள்ளின்னு நான் எப்படி நம்பறது? பூமுகத்துலேர்ந்துகூட ஆளு விட்டுப் பேசுவான்.”

“வேணும்னா கேட்டுப் பாருங்க.”

சேட்டன் போனை மூடிக்கொண்டு என்னிடம் திரும்பினார். “எடா, அச்சுல வராத வரி ஏதாவது இருக்கா?”

இருந்தது. தைல விளம்பரத்துக்கு இடம் போதாமல் இரண்டு வரியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருந்தேன். என்ன வரி என்றுகூடப் பார்க்கவில்லை. பழைய பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

“கண் திறந்ததும் லிசம்மா மொதல்ல என்ன கேட்டா?” என்றார் சேட்டன் போனில்.

 இந்த முறை அந்தக் குரல் கோபமில்லாமல் வந்தது.

“‘இன்னைக்கு என் டூட்டியை யாரு பாத்தா?’ன்னு கேட்டா. அதைத்தானே வெட்டிட்டீங்க. இத்தனை வருஷமா உங்க பத்திரிகைல நர்சுங்க செத்துக்கிட்டே இருக்கோம் சேட்டா. எங்களுக்கும் படிக்க ஆசை. நைட் டூட்டில உட்காந்து படிப்போம், ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கத்துல எங்களையே பொதைப்பீங்க.”

என் கையிலிருந்த பக்கத்தில் அதே வரிதான் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சேட்டன் மூக்கை உறிஞ்சினார், பிறகு அந்த முழ நீள பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எதையும் கையால் மறைக்கவில்லை. அவள் எழுதிக்கொண்டாள்.

“சேட்டா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. யாரு போன்ல கேட்டாலும் இப்படிச் சொல்லக் கூடாது.”

“சரி மோளே.”

“உள்ள போனதும் நானே வேற மாத்திடுவேன். மீனடத்துக்காரனுக்குச் சொல்ல மாட்டேன், முதலாளிக்குச் சொல்ல மாட்டேன், உங்களுக்கும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு திங்கக்கிழமையும் உங்க கைக்குக் கதை வந்துடும். நீங்க அந்த நாற்காலில இருக்கற வரைக்கும்தான் வரும், முதலாளிகிட்ட சொல்லிடுங்க.”

போன் வைக்கப்பட்டது. கொஞ்ச நேரத்தில் திரையில் கோப்பு மூடிக்கொண்டது. சேட்டன் தன் ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்தார். தவறு என்று வந்தது. இன்னொரு முறை தட்டினார், அப்போதும் தவறு.

“ரெஜி” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. “இனிமே அவளை ஒருத்தனும் கொல்ல முடியாதுடா.”